அத்தான் கடை மேலிருக்கும் திரை

நவம்பர் 3, திங்கள்

மழை. விடியற்காலையிலிருந்து விடவில்லை. வேனின் வலது வைப்பர் கிறீச்சென்கிறது. ரப்பர் மாற்ற வேண்டும்.

இன்று ஓர் ஆளை இடித்திருப்பேன். இடித்தேன் என்றே சொல்லலாம்.

எட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு எங்கள் தாமான் குடியிருப்பின் மேட்டுச் சாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். காலை ஆறு தாண்டியிருக்கும், இன்னும் நல்ல இருட்டு. கீழே சாலை முச்சந்தியில் போய் முட்டும். நேர் எதிரே கடைவரிசை. நடுவில் என் வீட்டுக்காரரின் அண்ணன் அந்தோணி அத்தானின் டயர் கடை. அதன் மாடி நெற்றியில், போன மாதம் மாட்டிய அந்த விளம்பரத் திரை. இறங்கும்போது கறுப்பு டயர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று பால் மாவு விளம்பரம். திரை முழுக்க வெள்ளை. வேன் கண்ணாடியில் இருந்த மழைத்துளி அத்தனையும் வெள்ளை. சாலை இல்லை, கோடு இல்லை, ஒன்றுமில்லை. பிரேக். டக் என்று ஒரு சத்தம்.

சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போன ஆள். நேப்பாளமோ பங்களாதேஷோ. வேனின் பக்கக் கண்ணாடி அவர் முழங்கையில் பட்டிருக்கிறது. விழவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டார். இறங்கி ஓடினேன். "தா அபா, கக்." பரவாயில்லை அக்கா என்று மலாயில் சொல்கிறார். அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வேனுக்குத் திரும்பினேன். முன் சீட்டில் ஜூடி, அத்தானின் மகள்.

"சித்தி, உங்களுக்கு அவரு தெரியலையா?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல."



வைப்பர் ரப்பர். முட்டை. சேவியருக்கு மழைக்கோட்டு (கிழிந்ததோடுதான் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்).

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். அத்தான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

திரையைப் பற்றி அவரிடம் சொல்வது இது மூன்றாவது தடவை. முதல் தடவை விளையாட்டாகச் சொன்னேன். இரண்டாவது தடவை அவர் மனைவி பிலோ அக்காவை விட்டுச் சொன்னேன். இன்று சைக்கிள்காரரைப் பற்றி முழுசாகச் சொன்னேன்.

"அடிபட்டுச்சா அவனுக்கு?"

"இல்ல அத்தான். ஆனா..."

"அப்புறம் என்னம்மா. மழையில யாருக்குத்தான் கண்ணு தெரியுது? ஸ்பீட கொறச்சு வா லா."

"மெதுவாத்தான் வந்தேன். வெள்ளையா மாறுறப்ப ஒண்ணுமே தெரியல. இருட்டா இருக்கும்போதாவது வெளிச்சத்த கம்மி பண்ணலாம்ல?"

சிரித்தார். "கம்மி பண்ணவா இவ்வளவு பெரிசா போட்டேன்? நானுந்தான் தெனம் பாக்குறேன். அழகா இருக்கு."

தினம் எங்கே பார்க்கிறார்? வீடு மேட்டின் மேல். கடைக்கு இறங்கும்போது வெயில் வந்திருக்கும். இரவு ஏறும்போது திரை முதுகுக்குப் பின்னால். இருட்டில் அந்தச் சரிவில் இறங்குவது நானும் என் வேனும்தான். அப்புறம் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போகிறவர்கள்.

இதை அங்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் வேனின் நாலு டயரும் அவர் போட்டுக் கொடுத்தவை.

நான் கிளம்பும்போது வைப்பர் ரப்பரையும் அவரே மாற்றிக் கொடுத்தார்.

நவம்பர் 5, புதன்

சேவியரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அண்ணன் மனசு கோணாம பாத்துக்க, அமலி. நான் ஒரு நாளு பேசுறேன்." ஒரு நாள் என்பது எந்த நாள் என்று கேட்கவில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பி, இருட்டிய பிறகு வருகிற மனிதர். அவரையும் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் நகராட்சி மன்றத்தின் இணையப் புகார்ப் பக்கத்தில் எழுதினேன். மலாயில் நாலு வரி. இடம், நேரம், என்ன நடந்தது. புகார் கொடுப்பவர் பெயர் ரகசியமாக இருக்கும் என்று கீழே போட்டிருக்கிறது. அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு அனுப்பினேன்.

 சொந்தத் தம்பி பெண்டாட்டி செய்கிற வேலையா இது என்று அத்தான் கேட்பது காதில் விழுகிறது. இன்னும் அவருக்குத் தெரியவே தெரியாது, அதற்குள்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் மழை இல்லை. அப்படியும் முச்சந்தியில் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் திரும்பினேன். பின் சீட்டில் ஒரு பெண், "ஆண்ட்டி ஆமை மாதிரி." எல்லாரும் சிரிப்பு. சிரிக்கட்டும்.

சாயங்காலம்தான் ஆபத்து. ஜூடியை வீட்டில் விட்டேன். பிலோ அக்கா டீ குடிக்கச் சொன்னார். அத்தானும் இருந்தார், காலை நீட்டிக்கொண்டு. போனை மேசை மேல் வைத்தது என் தவறு. மணி அடித்தது. தெரியாத எண்.

அக்கா எட்டிப் பார்த்தார். "கவர்மெண்ட் ஆபிஸ் நம்பர் மாதிரி இருக்கே."

"வேன் இன்ஸ்பெக்ஷனா இருக்கும்." எப்படி வந்தது அந்தப் பொய்? எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

மன்றத்தின் லைசென்ஸ் பிரிவு. பெயர் ஹஃபீஸ். சின்ன வயசுக் குரல், மரியாதையாகப் பேசினார். திங்கட்கிழமை வந்து பார்ப்பாராம். எந்தத் திரை, எந்தக் கடை என்று கேட்கிறார். கடையின் பெயரைச் சொல்ல வேண்டும். பத்தடி பின்னால் கடைக்காரர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருக்கிறார். "ஆமாம், ஆமாம், அதுதான், முச்சந்தியில் நடுக்கடை" என்று மலாயில் முணுமுணுத்தேன்.

உள்ளே வந்ததும் அத்தான், "என்னவாம்? வேன்ல ஏதும் பிரச்சனைன்னா கொண்டு வா, நான் பாக்குறேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நவம்பர் 10, திங்கள்

ஹஃபீஸ் வந்தார். காலை பதினொன்றுக்கு! நல்ல வெயிலில்!

எதிர்ப்பக்கம் வேனை நிறுத்திக்கொண்டு பார்த்தேன். கையில் சின்னக் கருவி, திரைக்கு நேரே நீட்டினார், குறித்துக்கொண்டார், போட்டோ எடுத்தார். பிறகு எனக்குப் போன்.

"கக், அளவு சரியாக இருக்கிறது. மாட்டியிருக்கிற விதம் சரி. லைசென்ஸ் இருக்கிறது."

"வெளிச்சம்?"

"இப்போது பார்த்தால் கூசவில்லையே."

சூரியனுக்குக் கீழே நின்றுகொண்டு சொல்கிறார். கோபத்தை அடக்கிக்கொண்டு, இருட்டில் வந்து பாருங்கள் என்றேன். ஒளிக்காமல் சொன்னார். லைசென்ஸ் நிபந்தனையில் திரையின் நீளம் அகலம் இருக்கிறது, எழுத்து எந்த மொழியில் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. வெளிச்சத்துக்கு ஒரே ஒரு வரிதான், 'வாகனமோட்டிகளின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது.' எவ்வளவு இருந்தால் கூச்சம் என்று எண் கிடையாது. "நான் கூசுகிறது என்று எழுதினால் கடைக்காரர் கூசவில்லை என்று எழுதுவார். கருவியே வேறு பிரிவில் இரவல் வாங்கியது."

அப்புறம் இன்னொன்று. முச்சந்தியில் இருக்கிற தெருவிளக்கு எரியவில்லை என்று புகாரில் எழுதியிருந்தீர்களா என்று கேட்டார். இல்லை, நான் கவனிக்கவே இல்லை. "பகலிலேயே தெரிகிறது, மூடி உடைந்து தொங்குகிறது. கீழே இருட்டாக இருந்தால் மேலே இருக்கிற வெளிச்சம் இரண்டு மடங்காக அடிக்கும்." அது வேறு இலாகாவாம். சொல்லிவிடுவாராம்.

விளக்கம் கேட்டுக் கடைக்கு ஒரு கடிதம் போகும். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

நவம்பர் 13, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ஜூடியை விடும்போது வாசலிலேயே சத்தம்.

"எவனோ எழுதிப் போட்டிருக்கான்!" அத்தான் கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "பாரு, பாரு. வாகனமோட்டிகளுக்கு ஆபத்தாம்!"

வாங்கிப் படிப்பதுபோல் நடித்தேன். என் நாலு வரியில் ஒரு வரி அப்படியே அதில் இருந்தது.

"யாருன்னு எனக்குத் தெரியும்." கடிதத்தை மடித்து நீட்டினேன். "எதிர்க்கட ஹார்ட்வேர்காரன். லிம். திரை போட்டதிலேருந்து மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போறான். மாடி ஜன்னல்ல கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி வச்சிருக்கான், பாத்தியா? அவனால தூங்க முடியலையாம். அதுக்கு என் தொழில்ல கைய வைக்கிறான்."

"அவரா இருக்காது அத்தான்."

"ஏன் இருக்காது?"

"அவரு... யார் வம்புக்கும் போக மாட்டாரு."

"அப்படிப்பட்டவன்தான் எழுதிப் போடுவான்."

அங்கே சொல்லியிருக்க வேண்டும். 'நான்தான்' என்று ஒரே ஒரு சொல். ஜூடி அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

லிம் கடைக்குப் போனேன், துணிக்கொடிக்குக் கயிறு வாங்குகிற சாக்கில். அறுபது இருக்கும் அவருக்கு. தனி ஆள், மாடியிலேயே படுக்கை. கடைவாசல் தெரியாதபடி அத்தானின் லாரி நின்றது. நேற்றிலிருந்து அங்கேதானாம்.

"இங்க நிறுத்தாதீங்கன்னு சொல்லலையா அங்கிள்?" நாங்கள் பேசிக்கொள்வது பாதி மலாய், பாதி அவர் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த காலத்துத் தமிழ்.

"சொல்லி என்னா? சண்டை வேணாம். அவரு நல்ல மனுஷன்தான், இப்ப கோவம்." கயிற்றை அளந்து வெட்டினார். "நான் என்னா செஞ்சேன்னு எனக்கே தெரியல."

ஜன்னலில் பிளாஸ்டிக் ஒட்டியதைப் பற்றிக் கேட்டேன். லேசாகச் சிரித்தார். "மொதல்ல பகல்னு நெனச்சு எழுந்திரிச்சுட்டேன். டீ போட்டப்புறம்தான் மணிய பாத்தேன்."

புகார் கொடுக்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "பக்கத்துல இருக்குற ஆளு மேலயா?" என்று ஆச்சரியமாகப் பார்த்தார்.

கயிற்றை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும்.

காலை ஒன்பதரைக்கு மன்றத்தின் அமலாக்க லாரி. லிம் கடை முன் அஞ்சடி நடைபாதையில் அவர் எப்போதும் வெளியே அடுக்கி வைத்திருக்கும் சாமான்கள். ஏணிகள், வாளிகள், துடைப்பக் கட்டுகள். ஆட்கள் நடக்கிற பாதையை மறிக்கிறது என்று யாரோ புகார். யாரோ என்ன யாரோ! ஊரில் எல்லாக் கடையும் அப்படித்தான் வைத்திருக்கிறது. எங்கள் அத்தான் கடைமுன் டயர்கள் மலைபோல். அதை யாரும் தொடவில்லை, புகார் இல்லையே.

நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். ஏணிகளை ஏற்றினார்கள். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஏற்றினார்கள். லிம் ஒவ்வொன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை, கையில் நோட்டீஸை வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துக் கொடுக்கிறார்.

அத்தான் தன் கடை வாசலில் கைகட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், 'பாத்தியா' என்று.

நானும் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நவம்பர் 20, வியாழன்

தூக்கம் சரியில்லை. புகார் விஷயத்தைச் சேவியரிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில், அவர் சட்டையை மடித்துக்கொண்டே. திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

கையிலிருந்த குவளையை வைத்தார். பிறகு, "நீயா?"

"நான்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஒரு நாளு பேசுறேன்னீங்க."

வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "இப்ப என்னா செய்யப் போற?"

"அத்தான்கிட்ட சொல்லப் போறேன். லிம் பேர்ல பழி போகுது."

"அவரு உன்ன மன்னிக்க மாட்டாரு அமலி. என்னையும்."

"அது தெரியும்."

சேவியருக்கு இருமல் மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வழக்கம்போல அத்தான் வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பு. பிலோ அக்கா எனக்குப் பிடிக்கும் என்று தலைத் துண்டை எடுத்து வைத்தார். சாப்பிட்டுக் கை கழுவும்வரை பொறுத்தேன். சாப்பாட்டின் நடுவே சொல்ல மனம் வரவில்லை.

"அத்தான், அந்தப் புகார் லிம் எழுதல. நான் எழுதினேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. சேவியரைப் பார்த்தார். சேவியர் தரையைப் பார்த்தார்.

"நீ எழுதினியா?"

"ஆமா."

"இந்த வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே."

"ஆமா."

"குடும்பத்துக்குள்ள பேசக் கூடாதா? வெளிய போயி எழுதிப் போடணுமா? நான் என்னா எதிரியா உனக்கு?"

"மூணு வாட்டி பேசினேன் அத்தான். நீங்க சிரிச்சீங்க." கை துடைத்த துண்டை மேசை மேல் வைத்தேன். "அன்னைக்கு என் வேன்ல எட்டுப் பிள்ளைங்க. ஜூடியும்தான். அந்த ஆளு செத்திருந்தா நான் ஜெயில்ல இருப்பேன். நீங்க மழைன்னு சொல்லியிருப்பீங்க."

"ஜூடி பேர இழுக்காத."

"லிம் ஒண்ணும் செய்யல. அவரு சாமான திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீங்கதான் மன்றத்துல பேசணும்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அடிப்பாரோ என்று ஒரு நொடி. இல்லை. மெல்லிய குரலில் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. "நாளையிலேருந்து எம்புள்ளய நான் கொண்டுபோயி விட்டுக்கிறேன். நீ வர வேணாம்."

பிலோ அக்கா அழுதார். ஜூடி மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை வெளியேறும்போதுதான் பார்த்தேன்.

 வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சேவியர், "நீ சொன்னதுல தப்பு இல்ல." அவ்வளவுதான்.

நவம்பர் 24, திங்கள்

முன் சீட் காலி. பையை அதில் வைத்தேன்.

வேறு இரண்டு பிள்ளைகளும் வரவில்லை. அத்தானின் கூட்டாளிகள் வீட்டுப் பிள்ளைகள். "இனிமே வேற ஏற்பாடு" என்று தாய்மார்களில் ஒருவர் குரல்செய்தி. மற்றவர் அதுவும் அனுப்பவில்லை.

லிம் கடைக்குப் போய் அவரிடமும் சொன்னேன், புகார் என்னுடையது என்று. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓ" என்றார். "அப்ப நீதான்." வாசலில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார், நான் நிற்கும்போதே.

நவம்பர் 26, புதன்

காலையிலேயே புழுக்கம். மத்தியானம் ஹஃபீஸ் போன், சந்தோஷக் குரல். மன்றம் உத்தரவு போட்டுவிட்டது. நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை திரையை அணைக்க வேண்டும். இன்றிரவிலிருந்தே.

"ஆறு வரைக்குமா?"

"ஆறு வரைக்கும், கக்."

"நான் அந்த இடத்தைத் தாண்டுவதே ஆறு மணிக்கு அப்புறம்தான்."

காகிதம் புரட்டுகிற சத்தம். குடியிருப்பவர்கள் தூங்குகிற நேரத்தை வைத்துப் போடப்பட்ட உத்தரவாம் அது. எல்லா விளம்பரத் திரைக்கும் அதே நேரம்தான். பள்ளி வேன் எப்போது போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

லிம் தூங்குவார். அது ஒன்று.

"நீங்கள் ஒரு நாள் என் வேனில் வந்து பாருங்கள்" என்றேன். எரிச்சலில் சொன்னது. அவர் உடனே, "வருகிறேன்" என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

வந்தார்! மழையில், ஹெல்மெட்டோடு, மேட்டில் என் வீட்டு வாசலுக்கே. ஜூடியின் சீட்டில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சலாம் சொன்னார்கள். பின் சீட்டில் ஒருத்தி, "ஆண்ட்டி, இவரு போலீஸா?"

இறங்கினோம். திரை எரிந்துகொண்டிருந்தது, ஆறு அடித்ததும் போட்டிருக்கிறார்கள். முதலில் டயர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வெள்ளை.

ஹஃபீஸ் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தானாகவே. வலது கால் தரையை அழுத்தியது, அவர் பக்கம் பிரேக்கே இல்லை.

நான் வேனை நிறுத்தியிருந்தேன். முன்னால் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது வருவதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"யா அல்லா" என்றார். என் வீட்டுக்குத் திரும்பி வந்து இறங்கும்போது, "இதை நான் எண்ணாக எழுத முடியாது, கக். ஆனால் என்ன பார்த்தேன் என்று எழுதுவேன்." காலை ஏழு வரை அணைக்கவும், இரவில் வெளிச்சத்தைக் குறைக்கவும், முழு வெள்ளைப் படம் போடாமல் இருக்கவும் பரிந்துரை செய்வாராம். கூட்டம் நடக்க வேண்டும். கையெழுத்து வேண்டும். எப்போது என்று சொல்ல முடியாது.

தெருவிளக்கு? அது அந்த இலாகாவிடம் போயிருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆண்டவரே.

கொட்டுகிற மழை. மேட்டிலிருந்து இறங்கும்போதே கீழே முச்சந்தியில் மஞ்சள் விளக்குகள் விட்டு விட்டு எரிவது தெரிந்தது. கார் ஒன்று ஓரக்கல்லின் மேல் ஏறி, அறிவிப்புக் கம்பத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறது. கிட்டே வந்தபிறகுதான் நம்பர் தெரிந்தது. அத்தானின் கார்.

வேனை எப்படி ஓரம் கட்டினேன், தெரியாது. பிள்ளைகளை அசையக் கூடாது என்றேன். ஓடினேன். செருப்பு ஒன்று போய்விட்டது.

ஜூடி பின் சீட்டில், பெல்ட்டோடு, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கதவைத் திறந்ததும், "சித்தி, எனக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று விடாமல் சொன்னாள். தலை, கழுத்து, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பிடித்த பிடியைத்தான் விடவில்லை.

அத்தான் வெளியே மழையில் நின்றார். நெற்றியில் ஸ்டீயரிங் பட்ட வீக்கம். அவர் முகம் வெள்ளையாக, பிறகு சிவப்பாக, பிறகு நீலமாக. மேலே திரை ஓடிக்கொண்டே இருந்தது.

"மோட்டார்காரன் ஒருத்தன்," என்றார். "அவன் மேல ஏத்தக் கூடாதுன்னு ஒடிச்சேன்."

"அவரு எங்க?"

"போயிட்டான். அடிபடல." பிறகு என்னைப் பார்க்காமல், "எங்கேருந்து வந்தான்னே தெரியல அமலி."

 அன்று ஜூடியிடம் நான் சொன்னதும் அதுதான்.  சொல்லிக் காட்ட வேண்டும் என்று எத்தனை நாள் எத்தனை வாக்கியம் மனத்துக்குள் கட்டி வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. பிலோ அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஜூடியை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளிக்கு வேண்டாம், வீட்டுக்குத்தான் என்றாள். திரும்பிக் கொண்டுபோய் விட்டேன். மற்றப் பிள்ளைகள் பள்ளி சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பாசிரியர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம்தான் அழுதேன். துணி காயப்போடும்போது.

டிசம்பர் 3, புதன்

காலையில் திரை அணைந்திருந்தது. முழு இருட்டு. மெதுவாகத்தான் இறங்கினேன், பழக்கம்.

இரவு சாப்பாட்டு நேரத்தில் அத்தான் போன், சேவியருக்கு. சேவியர் கேட்டார், கேட்டார், பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நாளன்னைக்கு ஆள் வர்றான். வெளிச்சத்த கொறைக்க. அந்த வெள்ளப் படத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன்."

"சரி அத்தான்."

"அதுவரைக்கும் காலையில போட மாட்டேன்."

"சரி."

பிறகு அவரே, "ஜூடி உன் வேன்லதான் போவேங்கறா. என் கார்ல ஏற மாட்டேங்கறா."

சேவியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, டயர், வைப்பர், எல்லாம் பழையபடி. வாய்வரை வந்துவிட்டது.

"ஏத்திக்கிறேன். ஜூடி என்ன செஞ்சா? ஆனா லிம் விஷயம் என்ன ஆச்சு?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவரு சாமான் இன்னும் மன்றத்துலதான் கெடக்கு அத்தான். நீங்க கொடுத்த புகாரு. நீங்கதான் போகணும்."

"அவன் மொகத்துல எப்படி முழிக்கச் சொல்ற?"

"நான் போயி முழிச்சேன்."

வைத்துவிட்டார். சேவியர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

தூறல். இருட்டு. டீசல் போட வேண்டும்.

அத்தான் வீட்டு வாசலில் ஜூடி பையோடு தயாராக நின்றாள். குடை பிடித்திருந்தது அத்தான். நெற்றியில் பிளாஸ்திரி. நான் கண்ணாடியை இறக்கினேன். ஜூடி ஏறினாள், பெல்ட் மாட்டினாள். அவர் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ராத்திரி போனேன். லிம் கடைக்கு."

"என்ன சொன்னாரு?"

"கதவ தெறக்கல. உள்ள லைட்டு எரியுது. ஆளு இருக்கான். கூப்பிட்டேன். தெறக்கல."

குடையிலிருந்து தண்ணீர் அவர் தோளில் வடிந்துகொண்டிருந்தது. என்ன எதிர்பார்த்தார் என்னிடம்? போதும் அத்தான், நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டீங்க என்றா?

"இன்னைக்கும் போங்க," என்றேன்.

கதவை மூடினார். வேனைச் சரிவில் இறக்கினேன்.